விலங்கும் விசாரிப்பும்: ஏர்வாடித் தீயை முன்னிட்டு ஒரு சரித்திரச் சிந்தனை

மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை 1902ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையில் மானாமதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே, வைகைக் கரையில் அமைந்த ஊர் பரமக்குடி. இராமேசுவரத்துக்குச் செல்லும் யாத்திரிகரை நூறாண்டுகளுக்கு மேலாக இவ்வூர் கண்டுவருகிறது. அவர்களோடு வேறொரு கூட்டத்தாரையும் அது கண்டுவந்துள்ளது. ஒரு தாய், ஒரு தமையன், இருவருக்கும் நடுவே கைகள் துண்டினால் பிணைக்கப்பட்ட ஒரு வாலிபன். இவர்கள் இராமேசுவரம் வரை செல்வதில்லை. இராமநாதபுரத்தில் இறங்கி, அங்கிருந்து தென்கடற்கரையிலுள்ள ஏர்வாடிக்குச் செல்வர். சில வாரங்களுக்குப் பின் தாயும் தமையனும் மட்டும் திரும்பி வருவர். வாலிபன் என்ன ஆனான் என்று ஊரார் கேட்பதில்லை, சபையாரும் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியிலிருந்த ஒரு தனியார் மனநோயாளர் காப்பகம் தீக்கிரையாயிற்று. அது கூரை வேய்ந்த கொட்டகை. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். கட்டு இல்லாதவரும் கட்டை அவிழ்த்துக்கொள்ள முடிந்தவரும் வெளியே ஓடினர். மற்றவர் இருந்த இடத்திலேயே எரிந்தனர். அன்று 25 பேர் மாண்டனர். பின்னர் இறந்தவரையும் சேர்க்க எண்ணிக்கை 28 ஆயிற்று. ஆகஸ்டு 13ஆம் நாள் அத்தகைய காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டு, அவற்றிலிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் எவரும் முறையிடாமலே தானாக இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. காப்பகத்தை நடத்தியவருக்கும் அவருடைய உறவினருக்கும் 2007இல் 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இத்துயரத்தைப் பேசும்போது ஒரு நியாயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏர்வாடியில் சுல்தான் சையது இபுராகீம் ஷகீது பாதுஷா அவர்களின் தர்கா இருக்கிறது. இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் அங்கே தங்கள் நோயாளிகளை அழைத்துச் சென்றனர், இன்றும் செல்கின்றனர். தர்காவின் எல்லையில் தங்கி, கனவில் விடுதலை உத்தரவு கிடைக்கும் வரை காத்திருப்பது வழக்கம். காத்திருப்பு நாள்கணக்கிலிருந்து மாதக்கணக்கானபோது, உடனிருக்க இயலாத குடும்பத்தார்க்கு ஒரு தங்குமிடம் தேவைப்பட்டது. அத்தேவையிலிருந்து முளைத்தவையே இக்காப்பகங்கள். எரிந்த கொட்டகை தனியார் ஒருவருடையது, தர்கா நடத்தியதன்று. அடுத்த சமயத்தாரின் மூடநம்பிக்கை என்று சொல்லி நாம் நகர்ந்துகொள்ளவும் இடமில்லை. நம் ஜெபவீடுகளில் உபவாச ஜெபத்துக்கென்று கொண்டுவந்து மாதக்கணக்கில் விடப்படுவோரை அறியாத ஆயர் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே நம்முன் உள்ள கேள்வி, எந்தச் சமயத்தார் அவர்களை அழைத்துச் சென்றனர் என்பதன்று. மாதந்தோறும் பணம் அனுப்பிய குடும்பங்கள் இருந்தன. நோயாளிக்குச் சோறு போட்டவர் இருந்தனர். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தது. மனநோயாளரை வைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் உரிமம் பெற வேண்டும் என்றும், பார்வையாளர் குழு அமைய வேண்டும் என்றும் அது கூறியது. மனச்சிதைவு நோய்க்கு முதல் மருந்தாகிய குளோர்புரோமசின் 1952 முதலே வழக்கில் உள்ளது. மாதம் ஒரு முறை போட்டால் போதுமான ஊசி மருந்தும் அதற்குப் பின் வந்துவிட்டது. பணம், சோறு, சட்டம், மருந்து இத்தனையும் உலகில் இருந்தும், அந்தக் கொட்டகைக்குள் நுழைந்து ஒரு காலைத் தூக்கிப் பார்த்து, இந்தப் புண் எப்படி வந்தது என்று கேட்க ஒருவரும் இல்லை. சரித்திரத்தில் இதற்கு ஒத்த நிகழ்ச்சிகள் உண்டு. அவற்றுள் இரண்டை மட்டும் சற்று விரிவாய்க் காண்போம்.

முதலாவது, பெல்ஜியம் நாட்டிலுள்ள கேல் என்னும் சிற்றூர். ஏர்வாடிக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை வியப்புக்குரியது. 7ஆம் நூற்றாண்டில் அங்கே கொலையுண்டதாகச் சொல்லப்படும் திம்ப்னா என்னும் ஐரிஷ் இளவரசியின் பெயரால் ஓர் ஆலயம் 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மனநோயுற்றோரை அவ்வாலயத்துக்குக் கொண்டுவந்து ஒன்பது நாள் வைத்திருப்பர். ஆலயத்தை ஒட்டிய அறையில் இடம் போதாமற்போகவே, ஊரார் தங்கள் வீடுகளில் அவர்களுக்கு இடங்கொடுத்தனர். ஒன்பது நாள் பலருக்கு ஒன்பது ஆண்டாயிற்று, சிலருக்கு ஆயுளாயிற்று. இளவரசியின் கதையை நாம் புரொட்டஸ்டாண்டினராய் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பயிரிடும் குடும்பங்கள் தங்கள் அடுப்பங்கரையில் ஓர் அந்நியருக்கு நாற்காலி போட்டதையும், அவர் பிள்ளைகளைத் தாலாட்டியும் வயலில் உழைத்தும் அக்குடும்பத்தில் ஒருவராய் மூப்படைந்ததையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் கேல் தொடக்கத்திலேயே சொர்க்கமாய் இருந்ததென்று நினைத்தால் பிழை செய்வோம். 1821இல் அங்கே சென்ற பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல், சில நோயாளிகள் காலில் விலங்கோடு இருப்பதைக் கண்டார். அன்புள்ள வீடும் ஓடிப்போகிறவனுக்கு விலங்கு மாட்டத் தயங்கவில்லை. அதனைத் தவறென்று எடுத்துச் சொல்ல வெளியார் எவரும் வருவதில்லை. மாற்றம் 1850க்குப் பின்னரே வந்தது. பெல்ஜியம் அரசு சட்டம் இயற்றி, கேல் ஊரைத் தன் மேற்பார்வையில் கொண்டுவந்தது. 1862இல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. எந்த வீட்டில் எவரைச் சேர்ப்பதென்று தீர்மானிக்கவும், சேர்த்தபின் வீடு வீடாய்ச் சென்று பார்க்கவும் மருத்துவரும் செவிலியரும் அமர்த்தப்பட்டனர். குடும்பங்களின் அன்பு அப்படியே இருந்தது. அதன் மேல் வருகை என்னும் ஒன்று சேர்ந்தது. 1938இல் 3,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் அவ்வூரின் வீடுகளில் வாழ்ந்தனர். இன்று எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்டாலும் வழக்கம் அற்றுப்போகவில்லை. 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனைப் பாதுகாக்கத்தக்க மரபாக ஏற்றுப் பதிவு செய்தது. ஒரு புண்ணியத்தலத்தைச் சுற்றித் தங்குமிடங்கள் முளைத்ததில் கேலும் ஏர்வாடியும் ஒன்றே. ஒன்றில் வீட்டுக்கதவைத் தட்ட ஒருவர் வந்தார், மற்றதில் வரவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி இங்கிலாந்திலுள்ள யார்க் நகரத்தைச் சேர்ந்தது. அந்நகரின் மனநோயாளர் இல்லத்தில் 1790 மார்ச்சு மாதத்தில் ஹன்னா மில்ஸ் என்னும் விதவை சேர்க்கப்பட்டார். அவர் நண்பர் சங்கத்தார் எனப்படும் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அச்சபையார் அவரைக் காணச் சென்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. ஏப்ரல் மாதத்திலேயே அவர் இறந்துபோனார். உள்ளே என்ன நடந்ததென்று வெளியே எவர்க்கும் தெரியவில்லை. இதனால் மனம் வருந்திய தேயிலை வணிகர் வில்லியம் டியூக், தம் சபையாரைக் கொண்டே 1796இல் ரிட்ரீட் என்னும் இல்லத்தைத் தொடங்கினார். சங்கிலியும் சவுக்கும் அங்கே இடம்பெறவில்லை. நோயாளிகளுக்குத் தேநீர் விருந்து வைத்து, மனிதராய் நடத்தினர். இது சபைச் சரித்திர நூல்களில் காணப்படும் செய்தியே.

நூல்களில் அவ்வளவாய்க் காணப்படாத செய்தி, அந்தப் பழைய இல்லத்துக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பது. அங்கே நடக்கும் கொடுமைகளைக் குறித்து விசாரணை எழுந்த வேளையில், 1813 டிசம்பர் மாதத்தில் அந்த இல்லம் தீப்பற்றியது. நோயாளிகள் நால்வர் மாண்டனர். அடுத்த ஆண்டு காட்பிரே ஹிக்கின்ஸ் என்னும் கௌரவ நீதிபதி முன்னறிவிப்பின்றி உள்ளே சென்றார். ஒரு பக்கத்துக் கதவுகள் பூட்டியிருந்தன. திறக்கச் சொன்னபோது சாவி கிடைக்கவில்லை என்றனர். அப்படியாயின் அடுப்புக் கிளறும் இரும்புக்கோலால் திறப்போம் என்று அவர் சொன்னபின் சாவி கிடைத்தது. உள்ளே அசுத்தத்தின் நடுவே இராத்திரியில் பெண்களை அடைத்துவைக்கும் சிற்றறைகள் இருந்தன. அதே ஆண்டில் இலண்டன் பெத்லெம் இல்லத்தில் நோரிஸ் என்பவர் கழுத்திலும் உடலிலும் இரும்பு வளையம் பூட்டப்பட்டு ஒன்பதாண்டுகளுக்கு மேலாய் இருந்ததை, பார்வையிடச் சென்ற வேறொரு குழுவினர் கண்டனர்.

பின்னர் ஷாப்ட்ஸ்பரி பிரபு வந்தார். தொழிற்சாலைச் சிறுவருக்காக உழைத்தவர் என்றே நம் மாணவர் அவரை அறிவர். ஆனால் சுவிசேஷ நம்பிக்கை மிக்க அப்பெருமகனார், 1845இல் அமைந்த மனநோயாளர் ஆணையத்துக்குத் தம் மரணம் வரை, அதாவது 1885 வரை, தலைவராய் இருந்தார். நாற்பதாண்டு ஒரே பணி! பிரசங்கிப்பதை விடக் கதவைத் தட்டுவதில் அவர் காலம் அதிகம் கழிந்தது என்று சொன்னால் மிகையாகாது. அவ்வாணையத்தார் இரவிலும் முன்னறிவிப்பின்றி இல்லங்களுக்குள் நுழையும் அதிகாரம் பெற்றிருந்தனர்.

அந்த எண்ணம் இந்தியாவுக்கும் வந்தது. 1912ஆம் ஆண்டின் இந்திய மனநோயாளர் சட்டம், ஒவ்வொரு மனநோயாளர் இல்லத்துக்கும் மூவருக்குக் குறையாத பார்வையாளரை நியமிக்கச் சொல்லி, மாதம் ஒரு முறையேனும் இருவர் சேர்ந்து சென்று எல்லாப் பகுதிகளையும் பார்வையிட வேண்டும் என்றும் விதித்தது. சென்னையில் 1794 முதலே இருந்து, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட இல்லம் போன்ற அரசு இல்லங்களுக்கு இது பொருந்திற்று. ஏர்வாடிக் கொட்டகைகளோ எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாமலே வளர்ந்தன.

இங்கே நம் வேதாகமத் தமிழின் ஒரு சொல்லைச் சற்று நின்று நோக்குவது தகும். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வியாதியாயிருந்தவரைக் காண வந்த செயலுக்கும், யாக்கோபு முதலாம் அதிகாரத்தின் இறுதியில் திக்கற்றவர்க்கும் விதவைகளுக்கும் செய்யவேண்டிய கடமைக்கும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல் உள்ளது: எபிஸ்கெப்டொமாய். பழைய திருப்புதலார் இரண்டு இடத்திலும் ‘விசாரித்தல்’ என்றே பெயர்த்தனர். தமிழில் இச்சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. சுகம் விசாரிப்பதும் விசாரிப்பே. நீதிபதி வழக்கை ஆராய்வதும் விசாரிப்பே. நலம் கேட்கும் கனிவும், நடந்தது என்னவென்று அறியும் கண்டிப்பும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. அதே கிரேக்க வேரிலிருந்து பிறந்ததுதான் எபிஸ்கொபொஸ், அதாவது கண்காணி, இன்று நாம் பேராயர் என்று அழைப்பது. (கண்காணி என்னும் சொல் இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கங்காணியாகித் தன் மதிப்பை இழந்தது வேறு கதை. இராமநாதபுரம் சீமையிலிருந்து மண்டபம் வழியாய்க் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.) பேராயரின் சபைச் சந்திப்பு மாலையும் பொன்னாடையுமாய் முடிந்துபோவதைக் காணும்போதெல்லாம் இச்சொல்லின் வேரை நினைத்துக்கொள்கிறோம்.

நல்ல சமாரியன் உவமையில் இது இன்னும் தெளிவு. அவன் காயம் கட்டினான், வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் ‘ஆமென்’ சொல்லிவிடுகின்றன. ஆயினும் உவமை அங்கே முடியவில்லை. மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, விசாரித்துக்கொள்ளும்படி சொல்கிறான். தான் திரும்பி வரும்போது மிச்சக் கணக்கைத் தீர்ப்பதாகவும் சொல்கிறான். அக்காலச் சத்திரக்காரர் நற்பெயர் பெற்றவரல்லர். காயப்பட்ட ஒரு மனிதனை, பேசவும் வலுவில்லாதவனை, அத்தகைய ஒருவன் கையில் ஒப்படைக்கும்போது அவனுக்குள்ள காவல் என்ன? ‘திரும்பி வருவேன்’ என்ற சொல்லே காவல். ஏர்வாடிக்கு இரண்டு பணம் மாதந்தோறும் போய்க்கொண்டுதான் இருந்தது.

கதரேனர் நாட்டில் கல்லறைகளில் திரிந்தவனையும் சங்கிலியாலும் விலங்காலும் கட்டினர். அவன் அவற்றை முறித்துப்போட்டான் என்று மாற்கு எழுதுகிறார். சுகமானபின் இயேசுவோடு வர அவன் வேண்டிக்கொண்டான். அவரோ அவனைத் தன் இனத்தாரிடத்தில், தன் வீட்டுக்கே அனுப்பினார். பன்றிகளுக்கு நம் பிரசங்கங்களில் கிடைக்கும் இடம் அவன் திரும்பிச் சென்ற அந்த வீட்டுக்குக் கிடைப்பதில்லை.

இனி, நம்மைப் பற்றியே சொல்லியாக வேண்டும். 1990களின் இறுதியில், நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன காலத்தில், குருசேகரத்தைச் சேர்ந்த ஒரு விதவைத் தாய் தம் மூத்த மகனைக் குறித்து நம்மிடம் வந்தார். அவன் இராத்திரிகளில் வீட்டைவிட்டு ஓடுகிறான், அயலார் அடிக்கிறார்கள். கடற்கரைப் பக்கத்தில் ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தனர். நாம் அவ்விடத்தைக் குறித்து ஒன்றும் கேட்கவில்லை. ஜெபித்தோம், வழிச்செலவுக்குத் தர்மப் பெட்டியிலிருந்து பணம் கொடுத்தோம், அவனைக் கொண்டுவிட்டு வரும்படி சொல்லி அனுப்பினோம். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அத்தாய் கூலிவேலை செய்து மணியார்டர் அனுப்பினார். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்போம். நன்றாய் இருக்கிறானாம், ஐயா என்பார். ‘இருக்கிறானாம்’ என்பதை நாம் காதில் வாங்கவில்லை.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் மாலையில் அத்தாய் ஆயர் இல்லத்துக்கு வந்து நின்றார். எரிந்தது எந்தக் காப்பகம், ஐயா என்று கேட்டார். நமக்குத் தெரியவில்லை. உங்கள் மகன் எந்தக் காப்பகத்தில் இருக்கிறான் என்று நாம் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. மணியார்டர் ரசீதில் ஓர் ஆளின் பெயர் மட்டும் இருந்தது. மறுநாள் சபை மூப்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு சென்றோம். அவன் வேறொரு கொட்டகையில் உயிரோடிருந்தான். வலது கணுக்காலைச் சுற்றி வளையம்போல் புண். அதன்மேல் ஒரு கந்தைத்துணி. நம்மைக் கண்டு அவன் கோபப்படவில்லை. யார் நீங்கள் என்று மரியாதையாய்க் கேட்டான். மதுரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்து, ஏழு வாரங்களுக்குப் பின் அவன் வீடு திரும்பினான். மாதம் ஒரு ஊசியும் தினம் இரண்டு மாத்திரையும் அவனை இராத்திரியில் உறங்க வைத்தன. இத்தனை எளிதாய் முடிந்திருக்கக் கூடியதற்கு நாம் அவனை எங்கே அனுப்பினோம் என்ற எண்ணம் இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை.

உச்ச நீதிமன்றம் 2002 பிப்ரவரி 5ஆம் நாள் இட்ட உத்தரவில், சங்கிலியால் கட்டுவது சட்டவிரோதம் என்பதையும், மனநோயாளரைக் கோயில், தர்கா போன்ற வழிபாட்டிடங்களுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் மக்களுக்கு அறிவுறுத்தும்படி அரசுகளுக்குக் கட்டளையிட்டது. கிறிஸ்தவ ஆலயம் என்ற சொல் அங்கே இல்லையே என்று ஒரு நண்பர் நம்மிடம் மகிழ்ந்து சொன்னார். அந்த மகிழ்ச்சியில் நாம் பங்கெடுக்கவில்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். காணாமற்போனவர், துன்புறுத்தப்பட்டவர் என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. அங்கேயும் வெளியூர் உறவினர் ஒருவரைத் தேடி வந்ததனால்தான் செய்தி வெளிப்பட்டது. ஏர்வாடிக்கு 22 ஆண்டுகள் கழித்து.

நம் மரபிலேயே வேறு வழி காட்டியவரும் உண்டு. 1950இல் ஸ்டான்லி ஜோன்ஸ் ஐயர் இலக்னோவில் நூர் மன்சில் என்னும் மனநல மையத்தைத் தொடங்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் உடன்தங்க வேண்டும் என்பது முறையாயிற்று. பிறர் இதனை ஆள்பற்றாக்குறைக்கு ஏற்ற சிக்கனம் என்பர். நாம் வேறுவிதமாய்க் காண்கிறோம்: உடன்தங்கும் தாய் இருக்கும் அறையில் எவரும் நோயாளியை அடிப்பதில்லை, அத்தாய் வீடு திரும்பும்போது மாத்திரையின் பெயரும் அளவும் அறிந்தவராய்த் திரும்புகிறார். மானாமதுரைக்கு அருகில் தயாபுரத்தில் தொழுநோயாளருக்கென்று அமெரிக்க மதுரை மிஷனார் உண்டாக்கிய இல்லமும், பரமக்குடியார் நேரில் சென்று கற்கத்தக்க அண்டைச் சரித்திரமே.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே முதல் நடைமுறையில் உள்ளது. எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டலாகாது என்று அதன் 95ஆம் பிரிவு திட்டமாய்க் கூறுகிறது. மனநோயாளரை வைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் யாவும் பதிவு பெற வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயாளி தம் உறவினரோடோ நண்பரோடோ வாழும் வீடு, ‘நிலையம்’ என்ற வரையறையிலிருந்து விலக்கப்பட்டுள்ளது. அது சரியே, அம்மா வீட்டுக்குப் பதிவுச்சான்று கேட்க எவருக்கும் மனம் வராது. இருப்பினும் அதன் விளைவு என்ன? காப்பகத்துக்குச் செல்லும் அதிகாரி வீட்டுக்கு வரமாட்டார். காப்பகங்கள் மூடப்பட்டபின் அங்கிருந்தவர் எல்லாரும் சுகமாய் வீடு சேர்ந்தார்கள் என்று நினைப்பதும் பேதைமை. கொட்டகையின் சங்கிலி, புழக்கடை அறையின் தாழ்ப்பாளாய் மாறியிருக்கலாம்.

மேலும், வீட்டுப் பராமரிப்பு இப்போது மனநோயாளரோடு நிற்கவில்லை. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, பக்கவாதத்தில் படுத்த தந்தையை ஏஜென்சி மூலம் வந்த ஹோம் நர்ஸ் ஒருவர் பார்த்துக்கொள்ளும் வீடுகள் நம் சபைகளில் பெருகிவிட்டன. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் கொண்டுவருகிறது. அப்பணியாளர் வரும்போது முதியவர் தனியே பேச இடமிருக்கிறதா என்பது வேறு. அந்த ஹோம் நர்சும் பெரும்பாலும் ஏதோ ஒரு கிராமத்து ஏழைப் பெண்ணே. இரவும் பகலும் கண்விழித்து, வாரவிடுமுறையும் இன்றி, ஆண்கள் உள்ள வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் படுக்கிறவர். படுத்திருப்பவரை விசாரிக்கச் செல்கிறவர் அவரையும் விசாரிக்கக் கடமைப்பட்டவர்.

எனவே நம் குருசேகரத்தில் சில ஆண்டுகளாய் ஒரு முறையைக் கையாண்டு வருகிறோம். மாதம் ஒரு முறை இருவர் செல்வர். ஒருவர் கட்டாயம் பெண். முன்னதாய்ச் சொல்லி அனுப்புவதில்லை. முதலில் ஜெபிப்பதில்லை, முதலில் பார்ப்பார்கள். இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் உண்டா, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கிறார்களா, மாத்திரை அட்டையில் எத்தனை மீதி, அறைக்கதவு உள்ளிருந்து திறக்குமா, கேஸ் அடுப்புக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு தூரம், மணிக்கட்டிலோ கணுக்காலிலோ தழும்பு உண்டா. பின்பு குடும்பத்தாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி நோயாளியோடு தனியே பேசுவர். பேச இயலாதவரானால் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைப் பார்ப்பர். தேதியிட்டு நோட்டில் எழுதுவர். இந்த நோட்டைக் குறித்து முதலில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆயர் போலீஸ் வேலை பார்க்கிறார் என்று பேசினர். குடும்ப மானம் போகிறது என்றனர் சிலர். அக்கவலை பொய்யன்று, ஆகையால் நோட்டு ஆயரின் பெட்டியில் பூட்டப்படுகிறது, கமிட்டியில் வாசிக்கப்படுவதில்லை.

சட்டத்தின் 101ஆம் பிரிவை இறையியல் மாணவர் அறிந்திருக்க வேண்டும். மனநோயுற்ற ஒருவர் தம் பொறுப்பாளரால் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறார் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் அதனைக் காவல் நிலையப் பொறுப்பதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. ‘எவரும்’ என்பதில் ஆயரும் அடங்குவர். பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் என்னும் போர்வையை இதன்மேல் இழுத்துப் போர்த்த முடியாது.

எழுதுவது எளிது. நம் குருசேகரத்தில் ஒரு வீடு உள்ளது. மகள் ஒருவர் பல ஆண்டுகளாய் வெளியே காணப்படவில்லை. தகப்பனார் சபைக்குத் தாராளமாய்க் கொடுப்பவர். நமக்கு நல்ல நண்பர். இரண்டு முறை சென்றோம், தூங்குகிறாள் என்றார். மூன்றாம் முறை காப்பி கொடுத்து வாசல் திண்ணையிலேயே உட்கார வைத்தார். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அவர் பேச்சை மாற்றினார். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் இதனைக் கூறியுள்ளோம். அவர் அடுத்த வியாழக்கிழமை நம்மோடு வர இசைந்துள்ளார். அன்றும் கதவு திறவாவிட்டால் காவல் நிலையத்துக்குச் செல்வதென்று நாமும் மூப்பர் இருவரும் தீர்மானித்திருக்கிறோம். தகப்பனாருக்கு இன்னும் தெரிவிக்கவில்லை.